பாசி இல்லாத குடுவை

முழங்கால் வலிக்கு அந்த அக்கா வலது காலில் மட்டும்தான் மருந்துப் பட்டை ஒட்டுவார். இடது காலில் மருந்தில்லாத வெறும் பட்டை. வலி என்னவோ இரண்டு காலிலும்தான். ஆனால் இரண்டிலும் மருந்தை ஒட்டிவிட்டால், வலி குறைந்தது மருந்தாலா, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடந்ததாலா என்று தெரியாமல் போய்விடுமாம். திங்கட்கிழமை காலையில் நொண்டிக்கொண்டே வருவார். "ரெண்டு காலும் ஒரே மாதிரிதான் இருக்கு. கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்லா" என்று சொல்லிவிட்டு, அந்த நொண்டலோடேயே அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவார். உட்கார மாட்டார். உட்கார்ந்தால் கால் ஆடும், கால் ஆடினால் மேசை ஆடும், மேசை ஆடினால் என் தராசில் எண் நிற்காது. நடந்தாலும் அதிரும், அதனால் அந்த அறையில் அவரோடு இருந்த இரண்டு வருடமும் நான் எதையாவது கையால் பிடித்துக்கொண்டேதான் வேலை செய்தேன்.

ஈப்போவுக்கு வெளியே ஒரு கல்லூரியின் பின்கட்டடத்தில் எங்கள் ஆய்வுக்கூடம். அவர் அங்கே பதினொரு வருடமாக நிரந்தர ஊழியர். நான் ஒப்பந்தத்தில் சேர்ந்தவள், அவரைவிட நான்கு வயது சின்னவள். நீலப்பச்சைப்பாசிகளை வளர்த்து, அவற்றில் புற்றுநோய் செல்களைக் கொல்லும் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவதுதான் எங்கள் வேலை. வெளியே சொல்லும்போது பெருமையாக இருக்கும். உள்ளே வந்து பார்த்தால் நாங்கள் இருவரும் குடுவை கழுவிக்கொண்டிருப்போம்.

குட்டை, சாக்கடை, ஈயம் தோண்டிய பழைய குட்டை என்று எங்கே பச்சை படிந்திருக்கிறதோ அங்கே போய் ஒரு போத்தலில் மொண்டு வருவோம். அதிலிருந்து ஒரே வகைப் பாசியைப் பிரித்து, உப்புக் கரைசல் ஊற்றிய கண்ணாடிக் குடுவையில் விட்டு, வெள்ளை விளக்கின் கீழே ஐந்து வாரம் வளர்ப்போம். வளர்ந்ததை வடிகட்டி, காயவைத்து, மெத்தனாலில் ஊறப்போட்டுச் சாறு எடுப்போம். மெத்தனால் ஒரு விஷச் சாராயம். அதை ஓர் இயந்திரத்தில் வைத்துச் சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்க வேண்டும். அடியில் தங்கும் கசடைத்தான், குழி குழியான தட்டில் வளரும் புற்றுநோய் செல்களுக்குக் கொடுப்போம். மூன்றாம் நாள் ஒரு சாயம் விடுவோம். செல் உயிரோடிருந்தால் குழி ஊதாவாகும், செத்திருந்தால் வெளிறி நிற்கும். மாதக்கணக்கில் நான் ஊதாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பதினொரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு முறையும் பாசி இல்லாத ஒரு குடுவையும் வரிசையில் நிற்கும். அதே கரைசல், அதே விளக்கு, அதே ஐந்து வாரம், அதே மெத்தனால், அதே இயந்திரம், பாசி மட்டும் கிடையாது. அந்தக் குடுவையின் கசடு செல்லைக் கொல்லக் கூடாது. கொன்றால் அது பாசியின் வேலையில்லை, எங்கள் கைத்தவறு என்று அர்த்தம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் காலி. எல்லா ஆய்வுக்கூடத்திலும் இப்படி ஒன்று வைப்பார்கள், பாதிப் பேர் கடமைக்கு வைப்பார்கள். அக்காவுக்குப் பாசி வளர்ந்ததா என்பது இரண்டாவது கேள்விதான். காலையில் "பசியாறிட்டியா" என்று கேட்பதற்கு முன்பே "காலி வெச்சியா?" என்று கேட்டுவிடுவார். கேட்டுவிட்டு என் பதிலை நம்பாமல் தானே போய் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு விடுமுறையில் கட்டடத்தின் குளிர்சாதனம் பழுதாகிவிட்டது. வெக்கையில் பாசி வெந்துவிடும் என்று அத்தனை குடுவைகளையும் தன் பழைய சின்னக் காரில் ஏற்றி, சிலிபினில் இருந்த தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். பின்னிருக்கையில் குடுவைகளுக்குப் பெல்ட் போட்டிருந்தார். கடைசியில் இடம் போதவில்லை. பாசி இல்லாத குடுவைகளை இங்கேயே விட்டுவிடலாமே, அதில்தான் சாக ஒன்றும் இல்லையே என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முன்னிருக்கையில் அவற்றை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், நான் இரண்டு பேருந்து மாறி வீட்டுக்குப் போனேன்.

அவருக்கு ஒரு வரன் வந்து நின்றுபோன கதையும் இப்படித்தான். மாப்பிள்ளை நல்லவர், ரயில்வேயில் வேலை. பெண் பார்க்க வந்த இடத்தில், தான் குடியை விட்டு ஆறு மாதம் ஆகிறது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வேறு பெண்ணாக இருந்தால் அந்த நேர்மைக்கே மயங்கியிருப்பாள். அக்கா, இதற்கு முன்னால் எத்தனை தடவை விட்டீர்கள், ஒவ்வொரு தடவையும் எத்தனை மாதம் தாங்கியது என்று கேட்டிருக்கிறார். வந்தவர்கள் தேநீரைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு அக்கா சிரிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. கேட்டது தப்பா என்று என்னிடம் கேட்டார். தப்பில்லைதான், ஆனால் இப்படி இருந்தால் மனிதர்கள் எப்படி அக்கா உங்களிடம் வருவார்கள் என்றேன். அறையை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "வராட்டி போறாங்க" என்றார். அந்தக் குரலில் இருந்த வலி எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போவார். ஜெபத்துக்கும் காலி வைப்பீர்களா அக்கா என்று ஒருமுறை சீண்டினேன். "அவருகிட்ட வெக்க மாட்டேன். கோவிச்சுக்குவாரு" என்று மிகவும் யோசித்துப் பதில் சொன்னார்.

இனி என் கதைக்கு வர வேண்டும். அதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவு நேரம் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறேன்.

பதினேழாம் எண் பாசி என் பாசி. ஆயர் தாவார் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் எப்போதோ விற்கப்பட்டு, இப்போது சுற்றிலும் செம்பனை. ரப்பர் பால் காய்ச்சும் கொட்டகையின் இடிந்த சுவர் மட்டும் நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒரு குளம். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருந்த அத்தனை பேரும் துவைத்துக் குளித்த குளம். ஒரு விடுமுறையில் அங்கிருந்து ஒரு போத்தல் மொண்டு வந்தேன். அதில்தான் பதினேழு கிடைத்தது, கரும்பச்சையாக, நூல் நூலாக, குடுவை ஓரத்தில் சுருண்டு வளர்ந்தது. மற்றதையெல்லாம் எண்ணாகப் பார்த்த நான் அதை மட்டும் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்தேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தபோது பதினேழின் சாறு தயாராயிற்று. மெத்தனாலை ஆவியாக்கும் இயந்திரம் பக்கத்து ஆய்வுக்கூடத்தோடு பொதுவானது. எனக்குக் கிடைத்தது ஒரு மதியம் மட்டும். பதினேழை வைத்தேன். அது முழுதாக உலர்வதற்குள் அடுத்த முறைக்காரர் வாசலில் வந்து நின்றுவிட்டார். கண்ணுக்கு உலர்ந்த மாதிரித்தான் இருந்தது, எடுத்துவிட்டேன். காலியை இயந்திரத்தில் வைக்கவே இல்லை, அதைத் தட்டிலும் சேர்க்கவில்லை. குறிப்பேட்டில் காலிக்கான இடத்தில் போன மாதத்து எண்ணைப் பார்த்து எழுதினேன். எப்போதும் ஊதாதானே, இந்த முறை மட்டும் மாறிவிடப் போகிறதா என்று நினைத்தேன்.

சாயம் விட்ட அன்று பதினேழின் குழிகள் ஒன்றுவிடாமல் வெளிறி நின்றன.  அக்கா தட்டை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். வைத்தேன் அக்கா, ஊதா, எண் எழுதியிருக்கிறேன் என்றேன். வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவர் தானே போய் எண்ணிப் பார்க்கவில்லை. அவரும் வெளிறிய குழிகளுக்காகப் பதினொரு வருடம் காத்திருந்தவர்தானே. "யாருகிட்டயும் சொல்லாத. லீவு முடிஞ்சு மூணு தடவ மறுபடி செய்யலாம்" என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

நான் ஊருக்குப் போய்ச் சொன்னேன்.

தீபாவளிக்கு எல்லோரும் கூடுவது ஆயர் தாவாரில் என் அத்தை வீட்டில். அப்பாவின் தங்கை. எனக்குப் படிப்புக்கட்டணம் கட்டியவரும், என்னைப் பற்றி ஊரெல்லாம் பேசித் திரிந்தவரும் அவர்தான். அந்த வருடம் அவருக்கு மார்பில் புற்றுநோய். அறுவை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு கெமோ ஊசி என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, இரண்டு முடிந்திருந்தது. முடி கொட்டி, முகம் கறுத்து, முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. நம் தோட்டத்துக் குளத்துப் பாசி புற்றுநோய் செல்லைக் கொல்லுகிறது, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். கூடத்தில் இருந்த இருபது பேரும் பழைய தோட்டத்து ஆட்கள். வேறு எந்த ஊர்க்காரர்களிடம் சொல்லியிருந்தாலும் ஆச்சரியப்பட்டுவிட்டு மறந்திருப்பார்கள். இவர்களுக்கு அது தாங்கள் குளித்த குளம். யாரோ அழுதார்கள். தோட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், குளம் நமக்கு மருந்து வைத்திருந்தது என்று ஒரு மாமா சொன்னார்.

பத்து நாளில் தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. அத்தை கையில் ஒரு போத்தல், உள்ளே குளத்துப் பச்சைத் தண்ணீர், துணியில் வடிகட்டிக் காய்ச்சியது. அத்தை மகன் தினமும் மோட்டார் சைக்கிளில் போய் எடுத்து வருகிறானாம். கீழே, எனக்கும் ஒரு போத்தல் எடுத்து வை என்று வரிசையாக நான்கைந்து பேர். மூன்றாவது ஊசிக்கு அத்தை போகவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. நான் என்ன செய்தேன்? ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை, கவனமாக இருங்கள் என்று ஒரு வரி போட்டு, கைகூப்பும் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். அதற்குப் பத்துப் பேர் கைகூப்பினார்கள்.

அந்த வாரங்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆய்வுக்கூடத்தில் புதிய பதினேழுகள் விளக்கின் கீழே கறுத்துக்கொண்டு வந்தன. அக்கா அவற்றைத் தினமும் இரண்டு முறை தன் கையால் குலுக்கினார். பாடக்கூடச் செய்தார். ஒவ்வொரு பதினேழுக்கும் பக்கத்தில் ஒரு காலியையும் அவரே வைத்தார். இதற்குள் நான்காவது ஊசியின் நாளும் போனது. சொல்லிவிடலாம் என்று அவர் பக்கத்தில் போய் நிற்பேன். குடுவை கழுவட்டுமா அக்கா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

இந்த முறை இயந்திரத்தில் எல்லாவற்றையும் அவரே முழுதாக உலர்த்தினார். மூன்று தட்டிலும் பதினேழு ஊதா, காலியும் ஊதா. பாசியில் ஒன்றுமே இல்லை. அக்கா தட்டுகளை விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பழைய குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். அக்காவுக்கு எண்கள் முகங்களைப் போல நினைவிருக்கும்.

"இது அதுக்கு முந்தின மாசத்து எண்ணு" என்றார்.

நான் சொன்னேன். இயந்திரம், வாசலில் நின்றவர், வைக்காத காலி, எல்லாவற்றையும். செல்களைக் கொன்றது அடியில் தங்கியிருந்த மெத்தனால். அவர் திட்டவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்க் கட்டடத்தைச் சுற்றி நடந்தார், ஜன்னல் வழியாக ஐந்தாறு முறை கடந்து போவது தெரிந்தது. திரும்பி வந்து, யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். அத்தையின் படத்தைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் கார்ச் சாவியை எடுத்தார். இந்த வகைப் பாசிகளில் சில கல்லீரலையே கெடுக்கும் என்பது எங்கள் இருவருக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். என்னையும் ஏற்றிக்கொண்டு ஆயர் தாவாருக்கு ஓட்டினார்.

அத்தை வாசலுக்கே வந்து வரவேற்றார். தலையில் துணி கட்டியிருந்தார், முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. குளிர்பெட்டியைத் திறந்து போத்தல்களைக் காட்டினார். ஊசி ரொம்ப சுசா, பெரிய கஷ்டம், எழுந்து நிற்க முடியாது, இதைக் குடித்தால் பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது என்றார். ஊசி நின்றதால் பசி வந்திருக்கும் என்று அக்கா சொன்னார். தண்ணீரில் மருந்து இல்லை, மறுபடி மூன்று முறை பார்த்தாயிற்று, கல்லீரலுக்குக் கெடுதல் இருக்கலாம் என்றும் சொன்னார். அத்தை எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை என்பது தெரிந்தது. கடைசியில் ஒன்று கேட்டார்.

"ஊசி போட்டா நான் கண்டிப்பா பொழச்சிக்குவேனாம்மா?"

யாராக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். அந்த நிமிடம் அந்தப் பொய்யை அவர் சொல்லிவிட வேண்டுமென்று நான் கடவுளை வேண்டினேன்.

"தெரியாதும்மா" என்றார் அக்கா. "ஆனா அந்த ஊசிய, போட்டவங்களையும் போடாதவங்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்திருக்காங்க. போட்டவங்க கூடுதலா பொழச்சிருக்காங்க. இந்தத் தண்ணிய அப்படி யாரும் பாக்கல."

"எங்க அண்ணன் மவ பாத்திருக்கா" என்று அத்தை என்னைக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை இத்தனை நாளாகக் குடித்தது குளத்துத் தண்ணீரை அல்ல. தான் படிக்கவைத்த பெண்ணின் பெருமையைக் குடித்துக்கொண்டிருந்தார். அதை அக்காவால் நிறுத்த முடியாது. அக்கா என் பக்கம் திரும்பினார். 

"நான் பாக்கல அத்தை" என்றேன். "பாக்காமலே பாத்தேன்னு எழுதிட்டேன். பொய் சொல்லிட்டேன்."

 அத்தை அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன். குளிர்பெட்டியிலிருந்த போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். மேசையில் இருந்த தன் கைப்பேசியை எடுத்துக் குழுவைத் திறந்து, வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். "நம்ம குளத்துத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. அதுல மருந்து இல்ல. என் அண்ணன் மவ பொய் சொல்லிட்டா. நான் திரும்ப ஊசிக்குப் போறேன்." பேசி முடித்துவிட்டு, அனுப்பாமல் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். நீயே அனுப்பு என்றார்.

அந்தக் குழுவில் என் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் இருக்கிறார். என் அப்பா இருக்கிறார். அழுத்தினேன்.

அக்கா எழுந்து நின்றார்.  ஆஸ்பத்திரி அட்டை எங்கே இருக்கிறது என்று அத்தையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், அங்கேயே நின்றபடி ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுப் பேசினார். நாளைக்கே வரச் சொல்கிறார்கள், எத்தனை மணிக்குக் கார் கொண்டுவரட்டும் என்று அத்தையிடம் கேட்டார்.

"ஆறு மணிக்கு வாம்மா" என்றார் அத்தை. "நீ மட்டும் வா."